வலது தோளில் விழுந்த முந்தானை

“படத்துல இருக்கிறது எம்மக. ஆனா வரைஞ்சது எம்மகன் இல்ல,” என்றாள் வெள்ளைத்தாய்.

துப்பறியும் தங்கபாய் மேஜைமேல் கிடந்த தாளை உடனே எடுத்துவிடவில்லை. முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இருபத்திரண்டு வருஷம் தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த கை; எதையும் வரிசைப்படிதான் செய்யும். அவளுடைய உதவியாளன் பால்ச்சாமிக்கு வரிசையும் கிடையாது, பொறுமையும் கிடையாது. பஸ் கண்டக்டராக இருந்து வாய்த்துடுக்கால் வேலை போனவன். எட்டிப் பார்த்தவன் வாயைத் திறந்துவிட்டான்.

“யாரு வரைஞ்சா என்னம்மா? கோடு ஒவ்வொண்ணும் வெண்ணெயில இழுத்த மாதிரில்ல இருக்கு!”

“அதான் தம்பி எனக்குச் சந்தேகமே.”

1998 ஆகஸ்ட் இருபது, வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் தங்கபாயின் ஆபீஸ். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை; மிச்சம் காணாமற்போன நாய். இன்று வந்தது இரண்டிலும் சேராது.

வெள்ளைத்தாயின் கணவர் சமுத்திரம் பஞ்சு மில்லில் வேலை பார்ப்பவர். அவர்தான் விவரம் சொன்னார். மகன் வீரணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிடிபி சென்டரில் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தான். போன வருஷம் ஜூன் மாதம் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். போனவன் போன் செய்யவில்லை, விலாசம் எழுதவில்லை. ஆனால் மாதம் தவறாமல் தபாலில் ஒரு கோட்டுப் படம் மட்டும் வந்துவிடும். கீழே ஓரத்தில் ‘வீ’ என்று ஒற்றை எழுத்து. பதினான்கு மாதம், பதினான்கு படம்.

“ஆவணி பதினெட்டு இவன் தங்கச்சி பூரணத்துக்குக் கல்யாணம் தாயி. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டு, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியார பொண்ணு கூடப்பொறந்தவன் வேணும்ல? ‘மச்சினன் வந்துருவாரா?’ன்னு மாப்பிள்ளை வீட்ல மூணு தடவை கேட்டுட்டாவ. வருவான்னு சொல்லிப் பத்திரிகையிலயும் பேரப் போட்டுட்டேன். அவன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிருங்க, நான் போய்க் கூட்டியாந்துருவேன்.”

“கவரெல்லாம் இருக்கா?”

“அடுப்பு பத்த வைக்க இவ எடுத்துட்டா. கடைசிக் கவர் மட்டும் இருக்கு. லாத்தூர்லருந்து போட்டிருக்கான். நிலநடுக்கம் வந்துச்சே, பம்பாய்ப் பக்கம், அந்த லாத்தூரு.”

தங்கபாய் கவரை வெளிச்சத்தில் பிடித்தாள். முத்திரை மை அப்பிக் கிடந்தது. கடைசி மூன்று ஆங்கில எழுத்து மட்டும் தப்பியிருந்தன: டி, யு, ஆர்.

“டி.யு.ஆர்.ல முடியிற ஊரு லாத்தூர் ஒண்ணுதானா? சேத்தூர் இருக்கு.”

“சேத்தூர்ல இருந்துக்கிட்டா ஒருத்தன் பதினாலு மாசம் வீட்டுக்கு வராம இருப்பான்?” என்றான் பால்ச்சாமி. “டவுன் பஸ்லயே வந்துறலாமேக்கா.”

“ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கு,” என்றாள் தங்கபாய். பிறகுதான் படத்தை எடுத்தாள்.

மெல்லிய தாளில் ஒரு மணப்பெண். பூரணம்தான். நெற்றிச்சுட்டி, மாலை, பட்டுச்சேலை, ஒற்றை மூக்குத்தி. ஆனால் சேலை முந்தானை வலது தோளில் விழுந்திருந்தது.

“அது பம்பாய்ப் பழக்கம்,” என்றார் சமுத்திரம். “அங்க சேட்டு வீட்டுப் பொம்பளைக அப்படித்தான் கட்டுவாகளாம். பய அதையே பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கான்.”

“நல்லவேளை, தங்கச்சி கையில ரெண்டு சப்பாத்தியக் குடுக்காம விட்டான்,” என்றான் பால்ச்சாமி.

தங்கபாய் சிரிக்கவில்லை. “பூரணத்துக்கு எந்தப் பக்கம்மா மூக்கு குத்தியிருக்கு?”

“வலது பக்கம்,” என்றாள் வெள்ளைத்தாய். “படத்துல இடது பக்கம் இருக்கு. நேத்தே இவரு கிட்டச் சொன்னேன்.”

“சேலை கட்டு மாறும். கூடப்பொறந்தவ மூக்குத்தி பம்பாய்க்குப் போனா இடம் மாறுமா? ஏலே, ஒன் கண்ணாடிய எடு.”

பால்ச்சாமியின் சட்டைப் பையில் சீப்பும் கைக்கண்ணாடியும் எப்போதும் இருக்கும். கண்ணாடியைப் படத்துக்கு முன்னால் பிடித்தாள். கண்ணாடிக்குள் முந்தானை இடது தோளுக்கு வந்தது. மூக்குத்தி வலது பக்கம் போய் உட்கார்ந்தது.

“படம் தப்பில்ல. இடவலமாத் திரும்பிக் கிடக்கு. ஏன் திரும்புச்சுன்னு தெரியணும். இன்னொண்ணு, கல்யாணம்னு மகனுக்கு எப்படிச் சொன்னீக?”

சமுத்திரம் மனைவியைப் பார்த்தார். விலாசம் இல்லாத மகனுக்கு எப்படிச் சொல்வது?

“பொறவு எப்படி மணப்பொண்ணா வரைஞ்சான்? ஸ்ரீவில்லிபுத்தூர்ல யாருக்குப் பத்திரிகை வச்சீக?”

“சென்டர் மொதலாளி ஒருத்தருக்குத்தான் தாயி.”

வெள்ளைத்தாய் எழுந்து நின்றாள். “எம்மகன் என் முகத்தை வரைஞ்சு வச்சுட்டுத்தான் போனான். ஒரு கன்னம் வழுவழுன்னு இருக்கும், மறு கன்னம் நடுங்கும். அவனுக்குப் பொறுமை கெடையாது தாயி. இம்புட்டுச் சுத்தமா ஒரு கோட்டை அவன் முடிக்க மாட்டான்.”

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். டிவிஎஸ் ஐம்பதை ஓட்டிக்கொண்டே பால்ச்சாமி பாதி வழியில் கேட்டான்.

“அக்கா, பதினாலு மாசமா வேற ஆளு வரையுதுன்னா, அந்தப் பய கை எங்க போச்சு? ஒருவேளை அவன்...”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

அவளுக்கும் அதே நினைப்புதான் என்பது அவனுக்குப் புரிந்தது.

சென்டர் முதலாளி வைகுண்டராஜ், ராஜபாளையத்து ராஜு சமூகத்துக்காரர். “ரண்டி, ரண்டி” என்று தெலுங்கில் வரவேற்று நாற்காலி போட்டார். வீரணன் என்றதும் முகம் கொஞ்சம் வாடியது. அவன் போன பிறகு தனக்கு ஒரு வரி எழுதவில்லை என்றார். தங்கபாய் அவன் வேலை செய்த மெஷினைப் பார்க்க வேண்டும் என்றாள்.

மானிட்டருக்கு முன்னால் சிலேட்டு மாதிரி ஒரு பலகை. அதன்மேல் ஒயரில்லாத பேனா.

“இது டேப்லெட்,” என்றார் வைகுண்டராஜ்.

“சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா அண்ணாச்சி?”

“பேசுறதை விட்டுட்டு ஒரு கோடு போடும் பார்ப்போம்.”

பால்ச்சாமி பேனாவைப் பிடித்தான். கை கீழே பலகையில் போனது. கோடு மேலே திரையில் வந்தது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மெதுவாக ஊர்ந்தான். திரையில் கோடு புழுவாக நெளிந்தது.

“கோடு கேட்டா இசிஜி எடுத்துட்டீரே!” என்று சிரித்தார் வைகுண்டராஜ். “பேனா முனையப் பாக்கக் கூடாது. கோடு எங்க போய் முடியணுமோ அங்க கண்ண வைக்கணும். மணிக்கட்ட அசைக்காம தோள்லருந்து இழுக்கணும். பயந்து பயந்து போனா நடுங்கும். ஒரே மூச்சுல விட்ரணும்.”

இரண்டாவது தடவை கொஞ்சம் தேறியது. இடப்பக்கம் புடைத்த வளைவு பிறை மாதிரி விழுந்தது. வலப்பக்கம் புடைத்த வளைவைப் போட்டான், மறுபடி புழு.

“இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் ஏன் வரல?” என்று கேட்டாள் தங்கபாய். அவள் குரல் தணிந்துவிட்டது. துப்பு கையில் சிக்கும்போது அப்படித்தான் தணியும்.

“கை சுத்துற வாட்டம் அப்படி. வலதுகைக்காரனுக்கு ஒரு பக்க வளைவுதான் சுத்தமா விழும். மறுபக்கம் வேணும்னா படத்தையே இடவலமாத் திருப்பிப் போட்டு, வாட்டமான பக்கம் இழுத்துட்டு, திரும்பப் பழையபடி மாத்திரணும். மெஷின்ல ரெண்டு தட்டு, அம்புட்டுத்தான்.”

“வீரணன் அப்படித் திருப்புவானா?”

“அவனா?” சுவரில் தொங்கிய பழைய காலண்டரைக் காட்டினார். வீரணன் வரைந்த அம்மன் முகம். ஒரு கன்னம் கண்ணாடி மாதிரி. மறு கன்னத்தில் மெல்லிய நடுக்கம். “எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். கேக்க மாட்டான். கெட்டிக்காரன், ஆனா பொறுமை ஏது அவனுக்கு?”

பெற்றவள் சொன்ன அதே சொல். பால்ச்சாமி தங்கபாயைப் பார்த்தான்.

“வேற யாரு இதுல வரைவா?”

“சண்முகத்தாய்னு ஒரு பொண்ணு. அது இடதுகை. வீரணன் பாதியில விட்ட படங்களையெல்லாம் திருத்தி முடிச்சது அதுதான். அவன் பாணிய இடதுகையில கொண்டார அது படத்தை நூறு தடவை திருப்பும். உள்ளதான் இருக்கு.”

உள் அறையில் இருந்தவள் இவர்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கபாய் படத்தை விரித்து, பால்ச்சாமியிடம் கண்ணாடிக்காகக் கையை நீட்டினாள்.

“கண்ணாடி வேண்டாம்க்கா,” என்றாள் சண்முகத்தாய். “திங்கக்கெழம தபால் பெட்டியில போட்ட பொறவுதான் திருப்பி வைக்கலைங்கிறது நெனப்புக்கு வந்துச்சு. பெட்டிக்குள்ள கைய விட்டு எடுக்க முடியுமா?”

பால்ச்சாமியால் அடக்க முடியவில்லை. “வீரணன் உசுரோட இருக்கானா, இல்லையா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஐயோ, அவிய நல்லா இருக்காவ. பம்பாயில பெரிய கம்பெனியில கார்ட்டூன் படம் வரையிறாவ.”

பால்ச்சாமிக்கு மூச்சு வந்தது. ‘அப்பாடா, கேஸ் முடிந்தது, வீரணனை ரயிலேற்றி மணவறைக்குக் கொண்டுவந்துவிடலாம்’ என்று நினைத்தான். தங்கபாய் மட்டும் இன்னும் அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பொறவு நீ ஏம்மா வரையிற?”

“போன புதுசுல லெட்டர் போட்டாவ. ‘எனக்கு இங்க நேரமில்ல, என் கோடு ஒனக்கு வரும்ல, ரெண்டு மாசத்துக்கு நீயே ஏதாச்சும் வரைஞ்சு வீட்டுக்குப் போட்டுரு. அப்பாவுக்கு விலாசம் குடுத்துறாத, வந்து நின்னுருவாரு’ன்னாவ. ரெண்டு மாசம் போட்டேன். மூணாவது மாசம் அவியகிட்டருந்து ஒண்ணும் வரல. நிறுத்துனா அந்த வீட்ல அழுவாகளேன்னு...”

நிறுத்தினாள். டிபன் பாக்ஸின் மூடியை எடுத்து மூடினாள்.

“பொய் சொல்றேன்க்கா. நிறுத்துனா அவிய கோடு என் கைய விட்டுப் போயிரும்ல. அதுக்குத்தான் வரைஞ்சேன். அடுத்த வருசம் கூட்டிட்டுப் போறேன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாவ.”

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். பம்பாய் முத்திரை தெளிவாக இருந்தது. உள்ளே ஒரு போட்டோ. மாலையும் கழுத்துமாக வீரணன். பக்கத்தில் ஒரு பெண். அவளுக்கு முந்தானை வலது தோளில் விழுந்திருந்தது.

பால்ச்சாமி போட்டோவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

“திங்கக்கெழம மத்தியானம் வந்துச்சு. அவிய முந்தி வரைஞ்சு வச்சிருந்த முகத்தைப் பாத்து, பூரணம் படத்துல பாதிய முடிச்சிருந்தேன். திருப்பிப் போட்டு மறு பாதிய வரைஞ்சேன். ஒரு கோடும் நடுங்கலக்கா. அழுதுக்கிட்டு வரைஞ்சும் நடுங்கல. திருப்பி வைக்கத்தான் மறந்துட்டேன்.”

“அழிச்சிட்டு வேற வரைஞ்சிருக்கலாமே தாயி,” என்றான் பால்ச்சாமி, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“இந்த மெஷின்ல கடைசியாப் போட்ட ஒத்தக் கோட்டைத்தான் அழிக்க முடியும்ணே. அதுக்கு முந்தினதைத் தொட முடியாது.”

அவளாகவே விலாசமும் போன் நம்பரும் எழுதித் தந்தாள். இடது கையால் எழுதினாள். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

எஸ்டிடி பூத்தில் மூன்றாவது தடவை லைன் கிடைத்தது. தங்கபாய் ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள். ஊர், பெயர், தான் யார் என்பதை வரிசையாகச் சொன்னாள்.

“தங்கச்சிக்குக் கல்யாணமா? எப்போ?” வீரணன் குரலில் ஊர்ப் பேச்சு பாதி உதிர்ந்துபோயிருந்தது.

“ஆவணி பதினெட்டு. செப்டம்பர் மூணு. ஒங்க அப்பா பத்திரிகையில ஒங்க பேரப் போட்டிருக்காரு. மாப்பிள்ளைக்கு மோதிரம் நீங்கதான் போடணும்.”

“ஒரு படம் முடியிற நேரம் மேடம். இப்ப லீவு கேட்டா வேலை போயிரும். இங்க எனக்குக் குடும்பம் வேற ஆயிருச்சு, வீட்ல இன்னும் சொல்லல. நீங்களே பக்குவமா ஏதாவது சொல்லிருங்களேன்.”

“மாசா மாசம் வார படத்தை வச்சுத்தான் ஒங்க அம்மா ஒங்களத் தேடுறாக.”

பூத்து மீட்டரில் எண் ஏறியது.

“படமா?” என்றான் வீரணன். “எந்தப் படம்?”

தங்கபாய் ரிசீவரை வைத்தாள். பூத்துக்காரர் நீட்டிய சில்லறையை வாங்காமலே வெளியே வந்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் வன்னியம்பட்டி விலக்கில் பால்ச்சாமி வண்டியை நிறுத்தினான்.

“அக்கா, வருவான்னு சொல்லிருவோம். அந்தப் புள்ளையும் வரைஞ்சுக்கிட்டே இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஆவணி பதினெட்டு காலையில அவிய வாசலப் பாத்துக்கிட்டு நிப்பாக. அப்ப யாரு போய்ச் சொல்றது, நீயா?”

“தெரியாதது மாதிரி இருந்துறலாமே.”

“அதத்தான அவன் செஞ்சுக்கிட்டிருக்கான்,” என்றாள் தங்கபாய்.

பால்ச்சாமி வண்டியைக் கிளப்பினான்.

சமுத்திரத்தின் வீட்டில் பதின்மூன்று படங்கள் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தன. வாசலில் மிளகாய் வற்றல் காய்ந்தது. கல்யாணப் பெண் பூரணம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். வலது பக்கம் மூக்குத்தி மின்னியது.

தங்கபாய் எதையும் சுற்றி வளைக்கவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான், விலாசம் இது, கல்யாணம் ஆகிவிட்டது, வர மாட்டான். படங்களை வரைந்தது சண்முகத்தாய் என்கிற பெண். ஏன் வரைந்தாள் என்பதையும் சொன்னாள். ‘எந்தப் படம்?’ என்று அவன் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத் தபால் வேலையில் அவள் கொடுக்காமல் நிறுத்தியது அந்த ஒன்றாகத்தான் இருக்கும் என்று பால்ச்சாமி நினைத்தான்.

சமுத்திரம் காபி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“எங்க அண்ணன் மகன் சங்கையா இருக்கான்,” என்றார் கடைசியில். “அவனும் அண்ணன்தான். மோதிரத்தை அவன் போடட்டும்.” எழுந்து, சட்டையை மாட்டி, சங்கையா வீட்டுக்குச் சொல்லிவிட்டு வருவதாகப் போனார். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளைத்தாய் அழுவாள் என்று பால்ச்சாமி பயந்திருந்தான். அவள் அழவில்லை. தங்கபாய் திருப்பித் தந்த மணப்பெண் படத்தை வாங்கினாள். மேற்கு ஜன்னலுக்குப் போய், தாளின் முதுகுப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, வெயிலுக்கு எதிரே பிடித்தாள். மெல்லிய தாள். வெயில் பட்டதும் கோடுகள் இந்தப் பக்கம் தெரிந்தன. முந்தானை இடது தோளில் இருந்தது. மூக்குத்தி வலது பக்கம்.

“இப்ப எம்மகதான்,” என்றாள். “அந்தப் புள்ளைக்கு நல்ல கை.”

தாளை இறக்காமலே நின்றாள். வெயில் இறங்கி, கோடுகள் ஒவ்வொன்றாக மங்கின.

“அப்போ, அடுத்த மாசம் படம் வராதுல்ல தாயி?”

பால்ச்சாமி ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தான்.

தங்கபாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.